யீஷூனில் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைத் திட்டம்: பள்ளி, சமூக மன்றம், பட்டறைக்காரர்களை எப்படிக் கோப்பது?

கீழ்த்தள நண்பன் கேட்டது:

வணக்கம். சிங்கப்பூர் யீஷூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்குகளைச் சுற்றி, உயர்நிலை 1 முதல் 4 வரை படிக்கும் பிள்ளைகள் இருபது பேருக்கு ஏதாவது உருப்படியாகச் செய்யலாம் என்று ஏழெட்டுப் பேர் முன்வந்திருக்கிறோம். பாதிப் பேருக்குக் கணக்கு தடுமாறுகிறது. சிலருக்குப் படிப்பில் அக்கறையே இல்லை என்று பெற்றோர் வருத்தப்படுகிறார்கள். ஆனால் அதே பையன்கள் சைக்கிளைப் பிரித்துப் பூட்டுகிறார்கள், ஓடாத மின்விசிறியைக் கழற்றி ஓட வைக்கிறார்கள்.

கையில் இருப்பது இது: சமூக மன்றத்தில் சனிக்கிழமை ஓர் அறை கிடைக்கும் போலிருக்கிறது. தொண்டூழியர்களில் இருவர் பொறியாளர்கள், ஒருவர் தாதி, மூவர் பல்கலைக்கழக மாணவர்கள். கார் பட்டறை வைத்திருக்கும் ஒருவரும் மின்வேலைக் குத்தகையாளர் ஒருவரும் "பிள்ளைகளை அனுப்புங்கள், காட்டுகிறோம்" என்கிறார்கள். பணம் அதிகம் இல்லை.

துணைப்பாட வகுப்பாக நடத்துவதா, தொழில் அறிமுகமாக நடத்துவதா? பள்ளிகளை யார் மூலம், எப்போது அணுகுவது? 14 வயதுப் பிள்ளையைப் பட்டறைக்கு அனுப்பலாமா? இப்படித் தொடங்கும் முயற்சிகள் மூன்றாவது மாதத்தில் ஆளில்லாமல் போவது ஏன்? பொதுவான அறிவுரை வேண்டாம், நடைமுறை தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

ஆறாவது மாடி:

முதலில் ஒன்று. புதிதாகத் துணைப்பாட நிலையம் எதுவும் தொடங்காதீர்கள். நல்ல மனதோடு சேரும் குழுக்களின் சக்தி அங்கேதான் கரைந்துபோகிறது.

சட்டத்தைப் பாருங்கள். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் சேர்த்துப் பாடம் நடத்தும் இடம், கல்விச் சட்டப்படி கல்வி அமைச்சில் பதிவு பெற வேண்டும். உங்களிடம் இருபது பேர் இருக்கிறார்கள். இலவசம்தானே என்று நீங்களாகவே முடிவுகட்டாமல், ஏற்கெனவே நிலைபெற்ற ஓர் அமைப்பின் கீழ் போங்கள். சந்தேகம் இருந்தால் அமைச்சுக்கு எழுதிக் கேட்டுவிடுங்கள். வீடு வீடாகவோ தெருவிலோ நிதி திரட்டுவதாக இருந்தால் அதற்கும் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

அடுத்தது, பாடம் சொல்லித்தர ஏற்கெனவே ஆள் இருக்கிறார்கள். 1991ல் அமைந்த, சிங்கப்பூர் இந்தியர்களின் சுய உதவிக் குழுவான சிண்டா 'ஸ்டெப்' என்ற பெயரில் துணைப்பாட வகுப்புகளை நடத்துகிறது. சிண்டா, மலாய் முஸ்லிம்களின் மெண்டாக்கி, சீன சமூகத்தின் சுய உதவிக் குழு, யூரேசியர் சங்கம் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்தும் கூட்டு வகுப்புகளும் உண்டு. இந்திய ஊழியர்களின் மாதச் சம்பளத்திலிருந்து, வருமானத்தைப் பொறுத்து 1 வெள்ளி முதல் 30 வெள்ளி வரை சிண்டா நிதிக்குப் போகிறது. நம் எல்லார் காசிலும் நடக்கும் வகுப்பு அது. "அது கஷ்டப்படுறவங்களுக்கு, நமக்கெதுக்கு" என்று ஒதுங்கும் பெற்றோரிடம் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். படிவத்தை அவர்களோடு உட்கார்ந்து நிரப்புங்கள். பல பிள்ளைகள் சேராமல் போவது அந்தப் படிவத்தில்தான்.

உங்கள் குழுவால் மட்டுமே முடிந்த வேலை வேறு. ஒரு பிள்ளையின் வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் நடப்பது பள்ளிக்குத் தெரியும். துணைப்பாட ஆசிரியருக்கு அந்த வகுப்பு நேரம் மட்டும் தெரியும். அவன் வீட்டுக்கு எத்தனை மணிக்கு வந்தான் என்பது அம்மாவுக்குத் தெரியும். மூன்றையும் சேர்த்துப் பார்க்க ஆளில்லை. அவன் வகுப்புக்குப் போவதை நிறுத்தியது வீட்டுக்குத் தெரியவரும்போது தவணை பாதி முடிந்திருக்கும். அந்த இடைவெளியில் நிற்க, பக்கத்து புளோக்கில் இருப்பவரால்தான் முடியும்.

ஆகவே வேலையை இப்படிப் பிரியுங்கள். பாடத்திட்டம் முழுவதும் பள்ளியிடமும் சிண்டாவிடமும் இருக்கட்டும். உங்கள் சனிக்கிழமை அறையில் வீட்டுப்பாட மேசையும், விட்டுப்போன அடிப்படைகளைச் சரிசெய்யும் சிறு குழுக்களும் போதும். பட்டறைகள் தவணைக்கு ஒரு முறை, ஒரு தடவைக்கு இரண்டு பிள்ளைகள். இவற்றைக் கோத்துப் பிடிக்க ஒருங்கிணைப்பாளர் ஒருவர், அவருக்குத் துணையாக இன்னொருவர். குழுத் தலைவரே ஒருங்கிணைப்பாளராகவும் இருக்க வேண்டாம். தலைவர் கூட்டங்களுக்குப் போகட்டும், ஒருங்கிணைப்பாளர் தொலைபேசியை எடுக்கக் கூடியவராக இருக்க வேண்டும். யார் எதைச் செய்வது, எதைச் செய்யமாட்டார் என்பதை ஒரே பக்கத்தில் எழுதி எல்லாரும் கையொப்பமிடுங்கள். அறை திறப்பவர் யார், திறக்க ஆளில்லாத வாரம் என்ன செய்வது என்பது வரை அதில் இருக்கட்டும்.

பள்ளியை அணுகும் காலம் நான்காம் தவணை, அதாவது செப்டம்பர், அக்டோபர். அடுத்த ஆண்டுத் திட்டம் அப்போதுதான் போடுவார்கள். ஜனவரியில் போனால் உயர்நிலை 1 புதுப்பிள்ளைகளின் பரபரப்பில் உங்கள் மின்னஞ்சல் அடியில் போய்விடும். முதல்வருக்கு எழுதும் கடிதத்தின் நகலை நிலைத் தலைவருக்கும் பள்ளி ஆலோசகருக்கும் அனுப்புங்கள். தமிழாசிரியரைத் தவறாமல் பாருங்கள். கணக்கு ஆசிரியருக்கு அவர் வகுப்புப் பிள்ளைகளைத்தான் தெரியும். தமிழாசிரியர் பல வகுப்புகளிலிருந்தும் வரும் நம் பிள்ளைகளை ஒரே அறையில் பார்ப்பவர், பல ஆண்டு தொடர்ந்து பார்ப்பவர். யார் இளைத்துப் போயிருக்கிறான், யார் வேலைக்குப் போகிறான் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

பள்ளியிடம் பெயர்ப் பட்டியல் கேட்காதீர்கள், தரமாட்டார்கள், தரவும் கூடாது. மாறாக, தமிழும் ஆங்கிலமுமாக ஒரு பக்கப் படிவம் கொடுத்து, பொருத்தமான பிள்ளைகள் வழியாக வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். பெற்றோர் கையொப்பமிட்டு உங்களிடம் தரட்டும். "எங்கள் பிள்ளையின் வருகையைப் பள்ளி ஆலோசகரிடம் பகிரலாம்" என்று தனியாக ஒரு கட்டம் இருக்கட்டும். அந்தச் சம்மதம் இல்லாவிட்டால் பின்னால் யாரும் யாரோடும் பேச முடியாமல் கை கட்டிப்போகும். அடையாள அட்டை எண் கேட்க வேண்டாம். பெயர், பிறந்த தேதி, பள்ளி, நிலை, பெற்றோர் எண், ஒவ்வாமை, அவசரத் தொடர்பு, இவ்வளவு போதும்.

இன்னொன்று. 2024ல் உயர்நிலை 1 சேர்ந்தவர்களிலிருந்து விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகள் இல்லை. ஜி1, ஜி2, ஜி3 என்று பாடத்துக்குத்தான் நிலை, ஜி3 கடினமானது. ஒரே பிள்ளை கணக்கை ஜி3 நிலையிலும் ஆங்கிலத்தை ஜி2 நிலையிலும் படிக்கலாம். 2027 முதல் எல்லாரும் எழுதுவது ஒரே உயர்நிலைக் கல்விச் சான்றிதழ்த் தேர்வு. எனவே "வழக்கநிலைப் பிள்ளைகள் ஒரு மேசை" என்ற பழைய பிரிப்பைக் கொண்டுவராதீர்கள். பாடத்துக்குப் பாடம் பிரியுங்கள்.

பின்னக்கணக்கு:

கணக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அரையாண்டுத் தேர்வுகள் 2023க்குள் தொடக்கப் பள்ளி, உயர்நிலைப் பள்ளி எல்லா நிலைகளிலும் நீக்கப்பட்டுவிட்டன. பிள்ளைகளுக்கு நல்லதுதான். ஆனால் வீட்டில் இருப்பவர்கள் பிரச்சினையின் அளவை உணர ஆண்டிறுதி ஆகிவிடுகிறது. ஆகவே முதல் சனிக்கிழமையே ஒரு சிறு சோதனை வையுங்கள். அதற்கு மதிப்பெண் போடக்கூடாது.

இருபது கேள்வி, முப்பது நிமிடம், கணிப்பான் கிடையாது. பின்னம் நான்கு, குறை எண் மூன்று, விகிதமும் விழுக்காடும் மூன்று, செயல்முறை வரிசை நான்கு, இயற்கணிதம் நான்கு, வாக்கியக் கணக்கு இரண்டு. எல்லா நிலைப் பிள்ளைகளுக்கும் அதே தாள்தான். கணிப்பானை எடுத்துவிட்டால் உயர்நிலை 3 படிக்கும் பிள்ளை தொடக்கநிலை 5ல் எங்கே நின்றுபோனது என்பது தெரிந்துவிடும். வழிமுறையை எழுதச் சொல்லுங்கள். விடை மட்டும் உள்ள தாளை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

திருத்தும்போது எத்தனை தவறு என்று எண்ண வேண்டாம். எந்த வகைத் தவறு என்று பாருங்கள். ஓர் உதாரணம்: 5 − 2(எக்ஸ் − 3). சரியான விடை 11 − 2எக்ஸ். ஒரு பிள்ளை 3(எக்ஸ் − 3) என்று எழுதும். ஐந்திலிருந்து இரண்டை முதலில் கழித்துவிட்டது, அது செயல்முறை வரிசைக் கோளாறு. இன்னொரு பிள்ளை 5 − 2எக்ஸ் − 6 என்று எழுதும். வரிசை சரி, குறியில் விழுந்துவிட்டது. இரண்டு பேருக்கும் ஒரே தாளில் ஐம்பது கணக்கு கொடுத்தால் இருவருமே தேறமாட்டார்கள். முதல் பிள்ளைக்கு 5 − 2 × 4 போன்ற எழுத்தில்லாத கணக்குகள் வேண்டும். இரண்டாவது பிள்ளைக்கு குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்குவது வேண்டும், எண்கோட்டிலிருந்தே.

பிள்ளையே தன் விடையைச் சரிபார்க்கப் பழக்குங்கள். எக்ஸுக்கு 5 என்று வைத்தால் மூலக்கணக்கு 1, சரியான விடையும் 1. முதல் தவறு 6 தரும், இரண்டாவது −11 தரும். எங்கோ பிசகு என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும். ஆனால் எக்ஸுக்கு 4 வைக்கச் சொல்லிவிடாதீர்கள். அங்கே மூலக்கணக்கும் 3, முதல் தவறும் 3. தப்பான விடை சரியென்று காட்டும். தொண்டூழியர்கள் எண்ணைத் தாங்களே முன்கூட்டிப் போட்டுப் பார்த்துக்கொண்டு வர வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

விழுக்காட்டில் ஒரு கேள்வி கட்டாயம் வையுங்கள். விலை 20 விழுக்காடு கூடி 60 வெள்ளி ஆனது, பழைய விலை என்ன? 48 என்று எழுதுபவர்களே அதிகம். 60ல் 20 விழுக்காட்டைக் கழித்துவிடுகிறார்கள். 60 என்பது 120 விழுக்காடு, ஆகவே 100 விழுக்காடு 50 என்று பட்டை வரைந்து காட்டினால் தொடக்கப் பள்ளியில் வரைந்த பட்டைப் படம் நினைவுக்கு வந்துவிடும். அது அவர்களுக்குக் கைவந்த முறை, உயர்நிலையில் கைவிட்டுவிடுகிறார்கள்.

ஒரு தொண்டூழியருக்கு நான்கு பிள்ளைகள், அதற்கு மேல் வேண்டாம். ஆறானால் வெள்ளைப்பலகை வந்துவிடும், வெள்ளைப்பலகை வந்தால் அது வகுப்பாகிவிடும். தொண்ணூறு நிமிடத்தில் முதல் பத்து நிமிடம் போன வாரக் கணக்கையே திரும்பப் போடுங்கள், கடைசி முப்பது நிமிடம் பள்ளி வீட்டுப்பாடம். ஒரு தவணைக்குள் எட்டு சனிக்கிழமை என்று வைத்து, எட்டாவது வாரம் அதே இருபது கேள்வியை எண்களை மட்டும் மாற்றி மறுபடி வையுங்கள். பிள்ளையின் இரண்டு தாளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பெற்றோரிடம் காட்டுங்கள். எந்த மதிப்பெண் பட்டியலும் சொல்லாததை அது சொல்லும்.

விளக்கம் எந்த மொழியில் என்று கேட்பீர்கள். பிள்ளைக்கு எது வருகிறதோ அதில் பேசுங்கள். கேள்வியை மட்டும் தேர்வில் வரும் ஆங்கிலத்திலேயே வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

கீழ்த்தள நண்பன்:

மிக்க நன்றி, இருவருக்கும். புதிய வகுப்பு என்ற எண்ணத்தைக் கைவிடுகிறோம். பட்டறைப் பக்கம் யாராவது சொல்ல முடியுமா? கார் பட்டறை அண்ணன் "சனிக்கிழமை வேலை செய்யட்டும், கைச்செலவுக்குத் தருகிறேன்" என்றும் சொல்கிறார்.

செம்புக்கம்பி:

அண்ணன் மனசு பெரிசு, ஆனா அந்தக் கைச்செலவுக் காசை இப்போதைக்கு வேண்டாம்னு சொல்லிடுங்க. காசு கொடுத்து வேலை வாங்கினா அது வேலைவாய்ப்பு, பிள்ளைகளுக்கான விதிகள் உடனே வந்துடும். 13 வயசுக்குக் கீழே வேலைக்கு வைக்கவே கூடாது. 13, 14 வயசுப் பிள்ளைகளுக்கு தொழிற்பட்டறை அல்லாத இடத்துல லேசான வேலை மட்டும்தான், இரவு வேலை கூடாது, ஒரு நாளைக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல போகக்கூடாது. கார் பட்டறை தொழில் நடக்கும் இடம், அங்கே அந்த வயசுப் பிள்ளைக்கு வேலையே கிடையாது. 15 வயசுக்காரருக்கு ஏழு மணி நேரம், இரவு 11 மணிக்கு மேல கூடாது. ஓடும் இயந்திரம், மின்சாரம் ஓடிக்கிட்டிருக்கும் கம்பி பக்கம் 16 வயசுக்குக் கீழே யாரையும் விடக்கூடாது. மனிதவள அமைச்சு இணையத்தளத்துல விவரம் இருக்கு, அண்ணனோட சேர்ந்து உட்கார்ந்து படிங்க.

அதனால பார்வையிடல்தான் சரி. அரை நாள், ரெண்டு பிள்ளை, கூட உங்க குழுவிலிருந்து ஒரு பெரியவர். பட்டறைத் தொழிலாளி தன் வேலையையும் பார்த்துப் பிள்ளையையும் பார்க்க முடியாது, அதனாலதான் கூட ஒருத்தர். மூடிய காலணி, கட்டிய முடி, தொங்குற கழுத்துச் சங்கிலி இல்லாம வரணும். தூக்கியில் ஏற்றிய காருக்கு அடியில போகக்கூடாது, ஜாக்கி மட்டும் போட்டிருக்கும் காருக்கு அடியில கையைக்கூட விடக்கூடாது. மஞ்சள் நாடாவைத் தரையில ஒட்டி "இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம்" என்று காட்டிடுங்க. வாயால சொன்னது பத்து நிமிஷத்துல மறந்துடும், கோடு மறக்காது.

சும்மா நின்னு வேடிக்கை பார்த்தா பையன் அரை மணி நேரத்துல கைத்தொலைபேசியை எடுத்துடுவான். அளக்கக் கொடுங்க. டயர் பள்ளத்தை ஆழமானியால நாலு டயருக்கும் அளந்து எழுதட்டும். சட்டப்படி குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருக்கணும். உள்விளிம்பும் வெளிவிளிம்பும் வேற வேற அளவு வந்தா ஏன்னு மெக்கானிக்கைக் கேட்கட்டும், சக்கர அமைவு பத்திப் பேச்சு தானா வந்துடும். பேட்டரியை மல்ட்டிமீட்டரால அளக்கட்டும்: ஓய்ந்திருக்கும்போது 12.6 வோல்ட் பக்கம் இருந்தா நிறைவு, 12.2க்கு வந்தா பாதிதான். எஞ்சின் ஓடும்போது அளப்பதை மெக்கானிக்கே செய்யட்டும், பிள்ளை எண்ணை மட்டும் எழுதினா போதும். 13.8லிருந்து 14.5க்குள்ள இருக்கணும். குறைஞ்சா, பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்ட்டர்னேட்டர் பக்கம் பார்க்கணும். கடைசியில ஒரு பணிச்சீட்டை வாங்கிப் படிக்க வையுங்க: வாடிக்கையாளர் சொன்ன புகார், கண்டுபிடிச்ச கோளாறு, மாற்றிய பாகம், நேரம், கட்டணம். இந்தத் தொழில்ல எழுத்தும் கணக்கும் எவ்வளவு இருக்குன்னு பையனுக்கு அங்கேதான் புரியும்.

மின்வேலை பத்தி. வீட்டு மின்சாரம் 230 வோல்ட். உரிமம் உள்ள மின்பணியாளர் செய்ய வேண்டிய வேலை அது, பிள்ளையின் கை அதுல படவே கூடாது. குத்தகையாளரை வேலையிடத்துக்கு அழைச்சுட்டுப் போகச் சொல்லாம, சமூக மன்ற அறைக்கு வரச் சொல்லுங்க. 12 வோல்ட்டுல ஒரு பயிற்சிப் பலகை செய்யலாம். அறுபது சென்டிமீட்டர் சதுர ஒட்டுப்பலகை, ரெண்டு டூ-வே சுவிட்ச், சுவர்மேல் பொருத்தும் பெட்டி ரெண்டு, 5 வாட் கார் விளக்கும் அதன் பிடிப்பானும், 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர், மெதுவா உருகும் 1 ஆம்பியர் ஃபியூஸ், கொஞ்சம் கம்பி. மல்ட்டிமீட்டர் தனி. சிம் லிம் டவர்ல சாமான் தேடிப்பார்க்கலாம், சுவிட்ச் எந்த மின்கடையிலும் இருக்கும். வாங்கும்போது "டூ-வே" என்று சொல்லிக் கேளுங்க, பின்பக்கம் மூணு திருகு இருக்கான்னு பாருங்க. ஒன்-வே சுவிட்ச்சுல ரெண்டுதான் இருக்கும். அடாப்டர்ல காசு மிச்சம் பிடிக்காதீங்க. விளக்கிழை குளிர்ந்திருக்கும்போது முதல் கணத்துல பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும், அரை ஆம்பியர் அடாப்டர் போட்டா விளக்கு ஏறாம துடிச்சுக்கிட்டே இருக்கும்.

செய்யவேண்டியது மாடிப்படி விளக்குச் சுற்று. அடாப்டரின் கூட்டல் முனை ஃபியூஸ் வழியா முதல் சுவிட்ச்சின் 'காம்' (பொது முனை) திருகுக்கு. மிச்ச ரெண்டு திருகு 'எல்1', 'எல்2'. ரெண்டு சுவிட்ச்சின் 'எல்1'உம் 'எல்1'உம், 'எல்2'உம் 'எல்2'உம் கம்பியால சேரணும். ரெண்டாவது சுவிட்ச்சின் 'காம்' விளக்குக்கு, விளக்கிலிருந்து அடாப்டரின் கழித்தல் முனைக்கு. எந்தச் சுவிட்ச்சைத் தட்டினாலும் விளக்கு மாறணும்.

பெரும்பாலும் நடக்கும் பிழை ஒண்ணே ஒண்ணு. ஒரு சுவிட்ச்சுல 'காம்' கம்பியும் 'எல்1' கம்பியும் இடம் மாறிடும். அப்போ அந்தச் சுவிட்ச் ஒரு பக்கம் இருக்கும்போது மற்றது நல்லா வேலை செய்யும், மறுபக்கம் தட்டிட்டா மற்றதை எப்படித் தட்டினாலும் இருட்டு. எதை மாத்தணும்னு நீங்களே சொல்லிடாதீங்க. அடாப்டரைப் பிடுங்கிட்டு மல்ட்டிமீட்டரைத் தொடர்ச்சி நிலையில வெச்சு, எந்தத் திருகுக்கும் எந்தத் திருகுக்கும் ஒலி வருதுன்னு அவனையே எழுதச் சொல்லுங்க. 'காம்' திருகு எப்பவும் ஒரு பக்கத்தோட பேசும், 'எல்1'உம் 'எல்2'உம் ஒண்ணோடொண்ணு பேசவே பேசாது. அதைத் தானே கண்டுபிடிச்ச பையன் முகத்தைப் பாருங்க, அவனைப் படிப்பில் அக்கறையில்லாதவன்னு யாரும் சொல்லமாட்டீங்க.

பிழையோட ஒரு பலகையை முன்கூட்டியே செஞ்சு வெச்சுக்கோங்க. சீக்கிரம் முடிச்சவங்களுக்கு அதைக் கொடுத்து கோளாறு கண்டுபிடிக்கச் சொல்லலாம். ரெண்டு பேருக்கு ஒரு பலகை சரி. மூணு பேர் ஆனா ஒருத்தர் எப்பவும் வேடிக்கைதான் பார்ப்பார், அது பெரும்பாலும் பெண்பிள்ளையா இருக்கும். அதை விடாதீங்க.

சனிக்கிழமை அக்கா:

மூன்றாவது மாதம் ஆளில்லாமல் போவது ஏன் என்று கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். பிள்ளைகளுக்கு ஆர்வம் குறைவது கடைசிக் காரணம். முதல் காரணம் நேரம்.

சனிக்கிழமை காலை இணைப்பாட நடவடிக்கை இருக்கும், அதோடு மோதாதீர்கள். வெள்ளிக்கிழமை என்றால் தொழுகைக்குப் போகும் பிள்ளைகள் இருப்பார்கள், மாலையில் கோயில் இருக்கும். சனி பிற்பகல் 2 மணி முதல் 4 மணி வரை பொதுவாகத் தாங்கும். நோன்பு மாதத்தில் மட்டும் காலைக்கு மாற்ற முடியுமா என்று அந்த வீடுகளிடம் கேளுங்கள். வந்தவுடன் சாப்பாடு கொடுங்கள், இடைவேளை வரை காத்திருக்க வேண்டாம். பயிற்சியிலிருந்து நேராக வரும் பிள்ளை பசியோடு பின்னம் போடாது. ரொட்டி, மைலோ, ஒரு பழம் போதும்.

வராத பிள்ளைக்கு அன்று மாலையே அழைப்பு போக வேண்டும். வாட்ஸ்அப் செய்தி வேண்டாம், குரல் வேண்டும். "ஏன் வரலை" என்று தொடங்காதீர்கள், "இன்னைக்கு உன்னைத் தேடினோம், நல்லா இருக்கியா" என்று கேளுங்கள். தொடர்ந்து இரண்டு வாரம் வராவிட்டால் பெற்றோருக்கு. மூன்றாவது வாரமும் இல்லையென்றால் இருவராக வீட்டு வாசல் வரை போங்கள். அங்கேதான் உண்மை தெரியும்: தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, உணவுக்கடையில் பகுதிநேர வேலை, அப்பாவுக்கு வேலை போய்விட்டது. தம்பி தங்கை பிரச்சினையா, அவர்களையும் அழைத்து வரச் சொல்லி ஒரு மூலையில் வண்ணப் பென்சில் வையுங்கள். பணப் பிரச்சினையா, கல்வி அமைச்சின் நிதி உதவித் திட்டத்துக்குப் பள்ளி அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம், வீட்டுச் செலவுக்குச் சமூகச் சேவை அலுவலகம் இருக்கிறது. வீட்டில் அடிதடி, தனக்குத் தானே தீங்கு என்ற பேச்சு காதில் விழுந்தால் நீங்கள் தீர்க்கப் பார்க்காதீர்கள். அன்றே பள்ளி ஆலோசகரிடமோ குடும்பச் சேவை நிலையத்திடமோ சொல்லுங்கள், ஆபத்து உடனடி என்றால் 999. "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று பிள்ளையிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள், அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாது.

பிள்ளைகளுக்கு முன்னால் காணாமல் போவது தொண்டூழியர்கள்தான். பல்கலைக்கழக மாணவர்களுக்கு நவம்பர் கடைசியிலும் ஏப்ரல் கடைசியிலும் தேர்வு. பள்ளி இரண்டாம் தவணையின் நடுவில் மூவரும் சேர்ந்து மறைவார்கள். பலதுறைத் தொழிற்கல்லூரி முடித்த தம்பிகளைப் பிடித்தால் தேசிய சேவைக்குப் போய்விடுவார்கள். அதனால் ஓராண்டு வாக்கு வாங்காமல் எட்டு வாரத்துக்கு வாக்கு வாங்குங்கள். வர முடியாத தேதிகளை ஆரம்பத்திலேயே எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு மாற்று ஆள் இருக்கட்டும்.

பாதுகாப்பு: எப்போதும் அறையில் இரண்டு பெரியவர்கள், கதவு திறந்திருக்கும். பிள்ளையோடு தனி அரட்டை கிடையாது, பெற்றோரும் உள்ள குழுவில்தான் செய்தி. புதிய தொண்டூழியரை நேரில் பேசி, அவரை அறிந்த இருவரிடம் விசாரித்த பிறகே சேருங்கள். அவர் எவ்வளவு பெரிய படிப்பு படித்திருந்தாலும் இது உண்டு. விபத்துக் காப்பீடு சமூக மன்றத்தின் கீழ் வருகிறதா, பட்டறைப் பயணமும் அதில் சேருமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் குழுவில் தாதி ஒருவர் இருக்கிறார், முதலுதவிப் பெட்டி அவர் பொறுப்பு.

கீழ்த்தள நண்பன்:

அக்கா, மனமார்ந்த நன்றி. கடைசியாக ஒன்று. பட்டறைக்கு எந்த நிலைப் பிள்ளைகளை முதலில் அனுப்புவது? உயர்நிலை 4 பிள்ளைகளுக்குத்தான் அவசரம் என்று சிலர் சொல்கிறார்கள்.

ஆறாவது மாடி:

உயர்நிலை 2, 3. பலதுறைத் தொழிற்கல்லூரிகளும் தொழில்நுட்பக் கல்விக் கழகமும் முன்கூட்டிய சேர்க்கை என்று ஒரு வழி வைத்திருக்கின்றன. இறுதித் தேர்வுக்கு முன்பே, ஆண்டின் நடுவில் விண்ணப்பிக்க வேண்டும். ஆர்வத்தையும் திறனையும் எழுதிக் காட்டி, நேர்முகத்தில் பேசி இடம் பெறலாம். தேர்வில் குறைந்தபட்சத் தகுதியை அப்புறம் எட்டியே ஆக வேண்டும், அதைப் பிள்ளைக்கு மறைக்காதீர்கள். உயர்நிலை 4ல் முதல் தடவையாகப் பட்டறையைப் பார்த்துவிட்டு அடுத்த மாதம் "எனக்குச் சிறுவயது முதல் ஆர்வம்" என்று எழுதினால் நேர்முகம் நடத்துபவருக்கு ஒரு கேள்வியில் தெரிந்துவிடும். இரண்டாண்டாக டயர் ஆழத்தையும் பேட்டரி வோல்ட்டையும் குறித்து வைத்த நோட்டு ஒன்று இருந்தால் பிள்ளைக்குப் பேச விஷயம் இருக்கும். செம்புக்கம்பி சொன்ன அளவுகளை ஆளுக்கொரு நோட்டில், தேதி போட்டு, பலகையின் படத்தையும் ஒட்டி வைக்கச் சொல்லுங்கள்.

தொழில்நுட்பக் கல்விக் கழகம் பற்றிப் பெற்றோரிடம் புதிய தகவலோடு பேசுங்கள். முன்பு இரண்டாண்டு நைட்டெக் என்ற தொழிற்சான்றிதழ், பிறகு இடம் கிடைத்தால் இன்னும் இரண்டாண்டு ஹையர் நைட்டெக். இப்போது பாடப்பிரிவுகள் மூன்றாண்டில் நேரே ஹையர் நைட்டெக் தரும்படி மாறியிருக்கின்றன. அங்கிருந்து பலதுறைத் தொழிற்கல்லூரிக்கு வழி உண்டு. அங் மோ கியோ, சீமெய், சுவா சூ காங் என மூன்று வளாகங்கள் இருக்கின்றன. யீஷூனிலிருந்து அங் மோ கியோ பக்கம்தான். பொது வரவேற்பு நாளில் பெற்றோரையும் சேர்த்து அழைத்துப் போங்கள். பையன் மட்டும் போய்வந்தால் வீட்டில் விவாதம் பழைய இடத்திலேயே நிற்கும்.

உயர்நிலை 4 பிள்ளைகளை இந்த ஆண்டு கணக்கு மேசையில் உட்கார வையுங்கள். அவர்களில் யாராவது பட்டறைக்குப் போக விரும்பினால், தேர்வு முடிந்த பிறகு நவம்பர், டிசம்பரில் அண்ணனிடம் இடம் கேட்டுவையுங்கள். அதற்குள் 16 வயது நிறைந்தவர்கள் யார் என்று படிவத்தில் பார்த்துக்கொண்டால் கைச்செலவுப் பேச்சையும் அப்போது எடுக்கலாம்.